வழுக் காட்டும் வாத்தியார்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பது நம்மவர் வழக்கு. ஐந்தில் நன்றாகவே வளைந்து, வளைந்த வண்ணமே இறுகிவிட்ட ஒன்று, ஐம்பதை அண்மிக்கும் வேளையில் வேறு பக்கமாக வளையுமா? இவ்வினாவைச் சில மாதங்களாக நாம் நம்மிடமே கேட்டு வருகின்றோம்.

நாம் கணினிப் பாடம் கற்பிக்கும் தொழிலினோம். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில், முதலில் தாளில் எழுதி வைத்து, மின்சாரம் வரும் வேளை பார்த்துக் கணினியில் இட்டுக் கற்ற மொழி ‘சி’. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1972 அளவில் டெனிஸ் ரிச்சி என்பவர் ஆக்கிய மொழி அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதனையே கற்பித்து வந்தமையால், கணினிமொழி என்றாலே ‘சி’தான் என்னும் எண்ணம் நமக்குள் வேரூன்றிவிட்டது.

அவ்வெண்ணத்தை அசைத்தவர், நல்லூர்த் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த நம் பழைய மாணவர் ஒருவர். “சேர், எங்கடை நாட்டிலையே ஒரு மொழி செய்திருக்கினம். நீங்களும் ஒருக்காப் பாருங்கோ” என்றார். அவர் குறித்தது பலரினா என்னும் மொழி. 2005 இல் தோன்றிய டபிள்யூ. எஸ். ஓ. 2 என்னும் நிறுவனத்தில், சஞ்சீவ வீரவரண அவர்களின் முயற்சியால், 2015 இல் இதன் ஆக்கவேலை தொடங்கிற்று. ஜேம்ஸ் கிளார்க் என்பவரும் இதனை வகுத்தவர்களுள் ஒருவர். 2019 செப்டெம்பரில் முதற் பதிப்பு வெளிவந்தது. வெவ்வேறு கணினிகள் வலையமைப்பின் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேலைக்கெனச் சிறப்பாக அமைந்த மொழி இது.

கணினிமொழிகளைப் பெயர்க்கும் முறைகள் இரண்டு. கூட்டத்தில் ஆங்கிலப் பேச்சாளரின் அருகே நின்று வரிக்கு வரி தமிழிற் சொல்பவர் ஒரு வகையினர். நூல் முழுவதையும் முன்னரே வாசித்து, பிழை கண்டால் எழுதியவரிடம் திருப்பியனுப்பி, திருந்திய பின்பே பெயர்த்துக் கொடுப்பவர் மற்றொரு வகையினர். இரண்டாமவரைப் போன்றதே தொகுப்பி. இதனைக் கம்பைலர் என வழங்குவர். ‘சி’, பலரினா இரண்டும் தொகுப்பியை வேண்டும் மொழிகளே. ஒரே இனத்தவை ஆதலால் ஒரு வாரத்திற் கற்றுவிடலாம் என எண்ணினோம். சொற்கள் ஒரு வாரத்தில் வந்தன, பழக்கம் வரவில்லை.

பயிற்சிக்காக நம் பழைய செய்நிரல் ஒன்றை எடுத்தோம். வகுப்புச் சோதனைப் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி காண்பதற்கு நாமே முன்னாளில் ‘சி’யில் எழுதியது அது. அதனை வரிக்கு வரி பலரினாவில் எழுதிக்கொண்டு போனபோது, எழுத்தாக வரும் புள்ளியை எண்ணாக மாற்றும் இடத்திலே தொகுப்பி மறித்தது. ‘இங்கே எண் வேண்டும், வருவதோ எண் அல்லது வழு’ என்பதே அதன் முறைப்பாட்டின் சாரம். மாற்றி மாற்றி எழுதினோம். அது மறித்துக்கொண்டே இருந்தது. இருபது ஆண்டு வாத்தியாருக்குக் கோபம் வராதா? “‘சி’ இப்படியெல்லாம் கேட்பதில்லையே” என்று முணுமுணுத்தோம்.

தமிழிலக்கணம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. ‘மாடு வந்தான்’ என்று எழுதினால் பண்டிதர் திணை வழு என்று சிவப்பு மையாற் கோடிடுவார். எண் நிற்க வேண்டிய இடத்தில் எண்ணல்லாதது வந்து நிற்பதும் ஒருவகைத் திணை வழுவே. அப்படியாயின், நம் புள்ளிப் பட்டியலில் எண்ணல்லாதது எப்போது வரும்? இதனைச் சிந்தித்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது.

சோதனைக்கு வராத பிள்ளையின் பெயருக்கு நேரே புள்ளிக்குப் பதிலாக ஓர் எழுத்துக் குறியை இடுவது நம் வழக்கம். ‘சி’யில் நாம் கையாண்ட கட்டளையோ, எண்ணாக மாறாத எழுத்தைக் கண்டால் வாய் திறவாமற் பூச்சியத்தைத் தந்துவிட்டு அப்பாற் செல்லும். காய்ச்சலிற் படுத்த பிள்ளையும், வந்திருந்து ஒன்றும் எழுதாத பிள்ளையும் நம் செய்நிரலுக்கு ஒன்றே! பழைய பட்டியல்களைத் தேடி எடுத்தோம். மூன்று சோதனைகளில் 72 சராசரி பெற்ற மாணவி ஒருத்தி, நான்காவதற்கு வராத காரணத்தால் 54 என நின்றாள். அடுத்த தவணையில் அவள் இப்பாடத்தைக் கைவிட்டாள். ஏன் என்று நாம் அன்று கேட்கவில்லை.

இது ‘சி’ மொழியின் குற்றமன்று. வந்தது எண்தானா என்று பார்க்கும் வழி அங்கும் உண்டு. ஆயின், பார்த்தே ஆகவேண்டும் என அது வற்புறுத்துவதில்லை. நாமும் பார்க்கவில்லை. பலரினாவில் வழுவை அவ்விடத்திலேயே தீர்க்கலாம். அன்றேல் ‘செக்’ என்னும் சொல்லை முன்னிட்டு, வேலையை ஏவிய பகுதியிடமே அதனை ஒப்படைக்கலாம். காணாதவர் போலிருக்க மட்டும் எளிதில் இடமில்லை.

பிற புதுமொழிகளிலும் இத்தகைய கண்டிப்பைக் காணலாம். 2015 இல் முதற் பதிப்புக் கண்ட ரஸ்ட் மொழியில், ஒரு பகுதியிடமிருந்து இன்னொன்றின் உடைமையாக மாறிவிட்ட தரவைப் பழைய பகுதி மீண்டும் எடுத்தாளத் தொகுப்பி விடாது. காணியை உறுதி எழுதிக் கொடுத்த பின்னர் வேலிக்குள் நுழைய இயலுமா? ஆயினும், பல்லாண்டு பழகிய கை அங்கேதான் போய் முட்டும். ஒன்றும் அறியாதவர் ஏன் மறிக்கிறது என்று கேட்பார். அறிந்தவரோ ஏன் விடவில்லை என்று சினப்பார். இவ்விரு கேள்விகளுக்கும் இடையே உள்ள தூரமே, கற்றவர் மீண்டும் கற்பதிலுள்ள இடர் அனைத்தும்.

பட்டியலைத் திருத்தி அம்மாணவியின் பெயருக்கு நேரே 72 என எழுதினோம். காலம் கடந்த திருத்தந்தான். மறு திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததை ஒளியாது கூறினோம். சிறிது நேரம் அமைதி நிலவிற்று. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “சேர், அப்ப நீங்களும் எங்களோடை படிக்கிறியளோ?” என்று கேட்டான்.

“ஓம்” என்றோம்.