ஆபரேஷனுக்குப் போகும் குழந்தை: பயம் தெளிவது எப்படி?

பழனி மலை அடிவாரம். முடி இறக்கும் இடம்.

தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்து இருக்கிறது. கத்தி தலையில் பட்டதும் "வீல்" என்று அலறுகிறது. அத்தை கிலுகிலுப்பையை ஆட்டுகிறாள். பாட்டி நாக்கில் பஞ்சாமிர்தம் தடவுகிறாள். அழுகை விம்மலாகிறது. மொட்டை முடிந்துவிடுகிறது!

தெரிந்தவர் மடி, கண்ணுக்கு ஒரு வேடிக்கை. ஆபரேஷனுக்கும் இதுதான் வழி. (பஞ்சாமிர்தம் மட்டும் ஆகாது. டாக்டர் சொன்ன நேரத்தில் இருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும்.)

"பொம்மை வாங்கப் போகிறோம்!"

கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை, மன்னவனூர் போன்ற கிராமங்கள் இருக்கின்றன. பெரிய ஆபரேஷன் என்றால் மலை இறங்கி மதுரைக்கு வருகிறார்கள். கொடைக்கானலில் இருந்தே சுமார் 120 கிலோ மீட்டர்.

"பொம்மை வாங்கப் போகிறோம், கண்ணு" என்று சொல்லிப் பிள்ளையை பஸ் ஏற்றுபவர்கள் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம் அம்மா எதைச் சொன்னாலும் பிள்ளை நம்புமா?

அழவைத்த படம்

முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் குழந்தையுடன் தாய் தங்க முடியாது. இங்கிலாந்தில் 1952-ல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக 8 நாள் ஆஸ்பத்திரியில் இருந்த 2 வயதுச் சிறுமியின் கதை. தாயைத் தேடி, அழுகையை அடக்கிக்கொண்டு அவள் தவிப்பதைப் படம் காட்டியது. டாக்டர்கள் பலருக்கு முதலில் கோபம் வந்தது! ஆனால் 1959-ல், பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்று அங்கே அரசாங்கக் குழு சிபாரிசு செய்தது.

கோமாளி வைத்தியம்

தாய் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா? போதாது! 2,681 குழந்தைகளிடம் நடந்த 28 ஆராய்ச்சிகளை காக்ரேன் என்ற மருத்துவ அமைப்பு 2015-ல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. மயக்க மருந்து கொடுக்கும்போது பெற்றோர் சும்மா கூட நிற்பதால் பயம் குறையவில்லை. நடுங்கும் கை குழந்தைக்கு எப்படித் தைரியம் கொடுக்கும்? கோமாளி வேடிக்கை, வீடியோ படம், கையில் வைத்து ஆடும் வீடியோ விளையாட்டு, சத்தமும் வெளிச்சமும் குறைந்த அறை ஆகியவை பலன் தரக்கூடும் என்று தெரிந்தது.

வீட்டிலேயே ஒத்திகை

மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் நாள் சொன்னால் போதும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு ஐந்தாறு நாள் முன்பே சொல்ல வேண்டும்.

மயக்க மருந்து கொடுக்க முகத்தில் மூடி வைப்பார்கள். ஒரு காகிதக் கிண்ணத்தைப் பொம்மையின் மூக்கில் வைத்து, "பலூன் ஊது" என்று விளையாடலாம். "ஊசி கொஞ்சம் வலிக்கும். அப்புறம் டாக்டர் தூங்க வைப்பார். ஆபரேஷன் நடப்பதே உனக்குத் தெரியாது" என்று உள்ளதைச் சொல்லலாம். அப்படியும் மிரளும் பிள்ளைக்கு டாக்டர் அமைதி மருந்து கொடுத்தால் தடுக்கக் கூடாது.

"கண் விழிக்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பேன்" என்று வாக்குக் கொடுப்பதற்கு முன், உள்ளே விடுவார்களா என்று நர்சிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டால் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. காப்பி வாங்க அப்பா போகட்டும்!