தில்லியிலிருந்து சென்னைக்கு: தூரமும் நேரமும்

தலைநகரில் வாழும் தமிழர் இல்லங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. இப்பொழுது புறப்பட்டால் ஊருக்கு எப்பொழுது போய்ச் சேரலாம்? திருமணத்துக்குச் செல்வோர் இதனை நிதானமாக எண்ணிப் பார்க்கலாம். பெற்றோர் நோயுற்றதாகச் செய்தி வந்த வீட்டிலோ அதற்கு அவகாசம் இராது. ஆகையால் இக்கணக்கை நாம் முன்னரே அறிந்து வைத்திருத்தல் நலம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். தில்லி விமான நிலையம் வட அட்சம் 28.6 பாகையிலும், சென்னை விமான நிலையம் 13 பாகையிலும் அமைந்துள்ளன. வேற்றுமை 15.6 பாகை. பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டர் எனக் கொண்டால், தென்திசை நோக்கிய தூரம் ஏறத்தாழ 1,730 கிலோமீட்டர் ஆகிறது. சென்னை சற்றுக் கிழக்கே ஒதுங்கியிருப்பதால், வான்வழியின் நேர்தூரம் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். ஆக்ரா, போபால், நாகபுரி, விசயவாடா வழியே வளைந்து வரும் இருப்புப்பாதையோ ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதனைக் கடக்க ஏறக்குறைய 33 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

விமானப் பயணமும் ஒரு காலத்தில் இரவு முழுவதும் நீடித்ததுண்டு. 1949 ஜனவரியில் தொடங்கிய இரவு விமான அஞ்சல் திட்டத்தில், தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடின. அஞ்சற் பைகளை மாற்றிக்கொண்டு விடியலில் ஊர் திரும்பின.

இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கவல்லது. அவ்வாறாயின் இரண்டேகால் மணி நேரமே போதுமன்றோ? ஆயினும் கால அட்டவணை ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் காட்டுகிறது. மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறைவு. விமானம் வகுக்கப்பட்ட வான்பாதையிலேயே செல்ல வேண்டும். ஓடுபாதையின் திசைக்கேற்ப வளைந்து இறங்க வேண்டும். தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் அட்டவணையில் அடங்கும்.

இனி, பயணியின் கணக்கு வேறு. இல்லத்திலிருந்து விமான நிலையம் செல்ல ஒரு மணி நேரம். அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக இருத்தல் வேண்டும். இறங்கியபின் பெட்டி பெற்று வீடு சேர ஒன்றரை மணி நேரம். ஆக, வாயிலிலிருந்து வாயிலுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தஞ்சைக்குச் செல்பவருக்குச் சென்னைக்கு அப்பால் இன்னும் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் உண்டு. அவர் திருச்சி விமான நிலையத்துக்குச் சீட்டு கிடைக்குமா என முதலில் பார்ப்பது அறிவுடைமை.

பருவத்தையும் மறத்தலாகாது. பொங்கலுக்கு ஊர் செல்லும் ஜனவரியில் தில்லியின் மூடுபனி விடியற்கால விமானங்களைத் தாமதப்படுத்தும். நண்பகல் விமானமே நம்பத்தக்கது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் தடை நேரலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது.

மகன் வந்த பின்னரே ஈமக்கடன் என்று ஊரார் காத்திருக்கும் வேளையில், "மூன்று மணி நேரத்தில் வந்துவிடுவேன்" எனத் தொலைபேசியில் சொல்லிவிடுவது எளிது. வீட்டு வாயிலை எப்பொழுது மிதிப்போம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வோமாயின், காத்திருப்போர் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வர்.