மூச்சை இழுக்கும்போது வரும் சத்தம்

இழுப்பு வந்த பிள்ளைக்குச் சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது கேட்கும். தொண்டை ஒடுங்கிய பிள்ளைக்கு மூச்சை உள்ளே இழுக்கும்போது கேட்கும். குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கும் பி.பி.யு.வில் நான் வேலை பழகிய காலத்தில் மூத்த சிஸ்டர் ஒருவர் கண்ணை மூடச் சொல்லிக் காதால் படிப்பித்த பாடம் இது.

கொட்டாஞ்சேனையில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபமல்ல. ஜம்பட்டா வீதிப் புகைக்கும் தூசிக்கும் நெபுலைசர் பிடிக்காத பிள்ளை இங்கே குறைவு. அண்மையில் பக்கத்து மாடிப் பெண் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “மூணு தரம் பிடிச்சாச்சு மிஸ்ஸி, குறையுதில்ல.”

சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போனது. அழுகை கரகரத்தது.

“மாசம் நிறையாம பிறந்தவனா மகள்?”

“ஓம் மிஸ்ஸி. மெஷின்ல வச்சிருந்தாங்க. வாயில டியூப், கன நாள்.”

“டொக்டர்கிட்ட சொன்னியா?”

“அவர் கேக்கல்லயே.”

ஆஸ்பத்திரியில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட் எங்கே என்றேன். பிறப்புப் பத்திரத்தோடு அலுமாரியில் பத்திரமாக இருந்ததாம்!

குரல்நாணுக்குச் சற்றுக் கீழே கிரிகொயிட் என்ற குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. மூச்சுக்குழாயின் மற்ற வளையங்கள் பின்பக்கம் திறந்தவை, கொஞ்சம் விரிந்துகொடுக்கும். இது மட்டும் மோதிரம் மாதிரி முழு வட்டம். உள்தோல் வீங்கினால் வீக்கம் உள்பக்கம்தான் வரவேண்டும். 4 மில்லிமீட்டர் அகல வழியில் சுற்றிவர 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது காற்று போகும் பரப்பில் கால்வாசி. டியூப் நாள்கணக்கில் அழுத்தினால் அந்த இடத்தில் இரத்தம் ஓடாது. புண்ணாகி, ஆறும்போது தழும்பு இறுகி வழி சுருங்கும்.

அதற்காக டியூபைத் திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. 1963 ஓகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கெனடியின் மகன் பெற்றிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து 39 மணித்தியாலத்தில் நுரையீரல் விரியாமல் இறந்தான். எடை 2 கிலோவுக்கு மேல். எங்கள் வார்டில் அந்த எடைப் பிள்ளையைப் ‘பெரிய ஆள்’ என்போம். 1965இல் மெல்பேர்ன் மருத்துவர்கள் மக்டொனால்டும் ஸ்டொக்ஸும், தொண்டையில் துளை போடாமல் மூக்கு வழியே டியூபை நாள்கணக்கில் வைத்திருக்கலாம் என்று எழுதினார்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்குத்தான் இந்த ஒடுக்கம்.

தடுப்பது பெரும்பாலும் கைவேலை. ஒரு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு 2.5 டியூப். பக்கத்தால் கொஞ்சம் காற்றுக் கசிந்தால் நல்லது, இறுக்கமில்லை என்று அர்த்தம். ஒரு கிலோப் பிள்ளைக்கு உதட்டில் 7 சென்டிமீட்டர்க் கோடு நிற்கவேண்டும். பிளாஸ்டர் தளர்ந்தால் டியூப் ஆடும், ஆடினால் உரசும், கழன்றால் திரும்பப் போடவேண்டும். அதனால் பிள்ளை தாங்கியவுடன் டியூப் இல்லாமல் மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுக்கும் சீபாப்புக்கு மாற்றப் பார்ப்போம்.

“கழுத்த வெட்டுவாங்களா?” என்று கேட்டாள். ஈ.என்.டி. டொக்டர் மயக்கம் கொடுத்துக் கமராவால் பார்ப்பார். பாதிக்குள் ஒடுங்கியிருந்தால் முதலாம் படி. பல பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகும். அதற்கு மேலே பலூனால் விரிப்பார்கள். மிக மோசமானால் கழுத்தில் துளை. பிறகு விலா எலும்பின் குருத்தெலும்பை வைத்து அகலமாக்கும் ஒப்பரேஷன்.

கார்ட்டையும் எடுக்கச் சொல்லி அப்போதே பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் அனுப்பினேன். வழியில் உதடு நீலம் பாரித்தால் நிறுத்தி 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொன்னேன். போனதும் முதல் வார்த்தையாக டியூப் போட்டிருந்த கதையைச் சொல் என்றும் சொன்னேன்.