நம்பிக்கை மனதில், அனுஷ்டானம் மனிதரிடையே

சமயம் என்றதும் கோபுரமும் மினாராவும் திருவிழாவும் பெருநாளுமே நமது நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஒரு மனிதனின் சமய வாழ்வில் பெரும்பகுதி வீட்டிலும் வேலைத்தலத்திலும் பிரயாணத்தின் இடையிலுமே நிகழ்கின்றது. ஆரவாரமற்ற இந்த அன்றாட அனுஷ்டானத்தை அயலவர் எவ்வளவு தூரம் அறிந்திருக்கின்றனர் என்பது நமது பிரதேசங்களின் சமூக உறவைத் தீர்மானிக்கும் ஒரு விடயமாகும்.

முஸ்லிம் ஒருவரின் நாள் ஐவேளைத் தொழுகையைச் சுற்றியே அமைகின்றது. ஸுபஹ், ளுஹர், அஸர், மஃரிப், இஷா ஆகியவற்றின் நேரங்கள் சூரியனின் நிலையைக் கொண்டு கணிக்கப்படுவதால் அவை நாளுக்கு நாள் சிறிது மாறுபடும். தொழுகைக்கு முன்னர் கை, முகம், கால்களைக் கழுவி வுழூச் செய்தல் வேண்டும். கஃபாவின் திசையை, அதாவது இலங்கையிலிருந்து நோக்கின் வடக்கே சற்றுச் சாய்ந்த மேற்குத் திசையை, முன்னோக்க வேண்டும். யாவற்றுக்கும் மேலாக நிய்யத் என்னும் எண்ணம் மனதில் இருக்க வேண்டும். இதற்கு வேண்டியவை சிறிது தண்ணீர், ஒரு பாய் விரிக்கத்தக்க சுத்தமான இடம், சில நிமிட அவகாசம் என்பவையே.

சைவ வீடொன்றில் காலை நீராடித் திருநீறணிந்து சுவாமியறையில் விளக்கேற்றுவதுடன் நாள் தொடங்குகின்றது. வெள்ளிக்கிழமைகளில் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. தாயை இழந்தோர் சித்திராபௌர்ணமியிலும் தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும் விரதமிருக்கின்றனர். ஐப்பசி அமாவாசையில் நிறைவுறும் கேதாரகௌரி விரதம் 21 நாட்களுக்குரியது. நிறைவில் 21 இழைகளாலான காப்பு அணியப்படும். கந்தசஷ்டி ஆறு நாட்களுக்குரியது. கத்தோலிக்கத் தமிழர்களுக்கோ ஞாயிறு திருப்பலியும் தவக்கால ஒறுத்தலும் வீட்டுச் செபமாலையும் உள்ளன.

இவை யாவும் ஒன்றே எனக் கூறுவது எந்தச் சமயத்துக்கும் நீதி செய்வதாகாது. ரமழான் நோன்பில் வைகறை முதல் சூரிய அஸ்தமனம் வரை தண்ணீரும் அருந்தப்படுவதில்லை. சைவ விரதங்களிலோ உபவாசம் முதல் ஒருவேளை உணவு வரை அவரவர் இயல்புக்கேற்ற படிநிலைகள் உண்டு. நோக்கிலும் விதியிலும் வேறுபாடுகள் இருக்கவே செய்கின்றன. ஆனால் ஒரு விடயத்தில் எல்லோரும் ஒரே நிலையிலேயே உள்ளனர். நம்பிக்கை கொள்வதற்கு எவருடைய தயவும் வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையின்படி நடப்பதற்கோ நேரமும் இடமும் பிறரது இணக்கமும் வேண்டும்.

நமது நாட்டின் சட்டமும் இவ்வேறுபாட்டைக் கொண்டுள்ளது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றுக்கான சுதந்திரத்தை எவ்வித மட்டுப்பாடுமின்றி வழங்குகின்றது. ஆனால் வழிபாட்டிலும் அனுஷ்டானத்திலும் நடைமுறையிலும் மதத்தை வெளிப்படுத்தும் சுதந்திரத்தைக் கூறும் 14(1)(உ) உறுப்புரை, தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் போன்ற காரணங்களுக்காக 15(7) ஆம் உறுப்புரையின் கீழ் மட்டுப்படுத்தப்படலாம்.

இதன் விளைவுகளை நாம் கண்டிருக்கின்றோம். 1966 முதல் 1971 வரை வார விடுமுறை போயா தினங்களுக்கு மாற்றப்பட்டபோது கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலை நாளாயிற்று. 2020 ஏப்ரலில் கொவிட் தொற்றினால் மரணித்தோரின் உடல்களைத் தகனம் செய்வது வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்கள் பலரும் தமது ஜனாஸாக்களையும் பூதவுடல்களையும் தம் முறைப்படி அடக்கம் செய்ய முடியாது தவித்தனர். அதனை எதிர்த்த மனுக்களை 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரியிலேயே அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தபோதும், எரிக்கப்பட்டவர்களுக்கு அதனால் எதுவும் மீளவில்லை.

அரசை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் தமது பள்ளிவாசல்களை விட்டுப் புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் தொழுகையைத் தொடர்ந்தனர். அதே ஆண்டில் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் கோயில்கள் பல, நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்தன. வழிபடும் இடத்தை இழப்பதன் வேதனையை இரு சமூகங்களும் அறிந்தேயுள்ளன. அவ்வாறிருந்தும் 2018 இல் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகளின் அபாயா நம்மிடையே சர்ச்சையாகியது. கோயில் அருகே இறைச்சிக்கடை அமைவதும், ஒலிபெருக்கியின் அளவும் இன்றும் மனக்கசப்புக்குக் காரணமாவதுண்டு.

வடக்கு கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ஓரிடத்தில் பெரும்பான்மையினராகவும் அடுத்த ஊரில் சிறுபான்மையினராகவும் வாழ்கின்றனர் என்பதை மறந்துவிடலாகாது. கொழும்பிடம் நாம் எதிர்பார்க்கும் தாராளத்தை நமது ஊரில் எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு நாம் வழங்குகின்றோமா என்பதே கேள்வியாகும். இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. ஜும்ஆ நேரத்தில் கூட்டங்களையும் மேலதிக வகுப்புகளையும் வைக்காதிருத்தல், அலுவலகத்தில் தொழுவதற்கு ஒரு மூலையை ஒதுக்குதல், விரத நாளில் சக ஊழியருக்கு மரக்கறி உணவு கிடைக்கச் செய்தல், நோன்பு திறக்கும் வேளைக்கு முன் முஸ்லிம் ஊழியரை வீடு செல்ல அனுமதித்தல் என்பன ஒரு அதிபராலோ திணைக்களத் தலைவராலோ செய்யக்கூடியவையே.

சட்டம் காக்கத் தவறும் இடத்திலும் அயலவர் காக்க முடியும். பக்கத்து வீட்டாரின் நோன்பும் விரதமும் எப்போது தொடங்குகின்றன, எப்போது முடிகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது அதற்கான முதற்படியாகும்.