கழுத்தைச் சொடுக்கும் உரிமை எவருக்கு?

ஒன்றரை ஷிப்ட் பவர் டேபிளில் குனிந்து தைப்போருக்குக் கழுத்துவலி புதிதன்று. கைப்பேசிக் காணொளிகளில் கைரோபிராக்டிக் முறையைக் கண்டு, தாமும் அதனைச் செய்துகொள்ளலாமா என வினவுவோர் இப்போது மிகுந்துள்ளனர். ‘சடக்’கென்ற அவ்வொலி எலும்பு நேராவதால் எழுவதன்று, மூட்டுத் திரவத்தின் வாயுக்குமிழியால் எழுவது.

1895இல் அமெரிக்காவில் தோன்றிய இம்முறைக்கு அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் உரிமச் சட்டம் உண்டு. இந்தியாவில் இதற்கெனச் சட்டப்படியான தனி மன்றமோ பதிவேடோ இல்லை. எனவே பெயர்ப்பலகையை நம்பாது, சிகிச்சையளிப்பவரின் பதிவைக் கேளுங்கள். பிசியோதெரபிஸ்டுகள் 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டத்தில் அடங்குவர். வர்மம் அறிந்த சித்த மருத்துவப் பட்டதாரி, சித்த மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். குறுகியகாலப் பயிற்சிச் சான்றிதழ் இவற்றுக்கு ஈடாகாது. அவர் ஊசி போட்டாலோ ஆங்கில மருந்து எழுதித் தந்தாலோ, அது வேறு குற்றம்: பதிவின்றி நவீன மருத்துவம் புரிவோருக்கு, 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.

பதிவு பெற்றவரேயாயினும், கழுத்தை வேகமாகத் திருப்புகையில் மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்படக்கூடும். இஃது அரிதே, எனினும் கழுத்துவலிக்கு அத்துணை விலை தரவேண்டியதில்லை என்பது என் கருத்து. கைகால் வலுவிழத்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அடைபடுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் முதுகில் எவரையும் கைவைக்க விடாது, அன்றே அவசரப் பிரிவுக்கு வருக.