உங்களுக்குத் தெரியுமா? பெயரில் பழைய போர், பக்கத்தில் பழைய எதிரி

போர்க்கப்பலுக்குப் போர்க்களத்தின் பெயரைச் சூட்டுவது பல நாடுகளின் வழக்கம். அந்தப் போரில் எதிரே நின்ற நாடு இன்று தோழனாகிவிட்டால் அந்தப் பெயரை என்ன செய்வது? சில கப்பல்களின் கதைகளைக் கேளுங்கள்.

1. அழிக்கப்பட்ட அஜின்கோர்ட்
1415 அக்டோபர் 25 அன்று இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் வில்லாளிகள் பிரெஞ்சுப் படையை முறியடித்த இடம் அஜின்கோர்ட். பிரிட்டனின் அஸ்டியூட் வகை அணுசக்தி நீர்மூழ்கிகளில் ஏழாவதற்கு இந்தப் பெயரை 2018இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் அதை ‘அக்கிலீஸ்’ என்று மாற்றிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த 80ஆம் ஆண்டு நிறைவையொட்டிய மாற்றம் என்றது அரசுத் தரப்பு. பிரான்சின் மனம் நோகக் கூடாது என்பதற்காகத்தான் என்று விமர்சகர்கள் கொதித்தார்கள்.

2. அக்கிலீஸ்தான் நம் ‘டெல்லி’
1939 டிசம்பரில் தென் அமெரிக்கக் கடற்கரைக்கு அப்பால், ஜெர்மனியின் ‘கிராஃப் ஸ்பே’ போர்க்கப்பலை எதிர்த்து நின்ற மூன்று குரூசர்களில் ஒன்று பழைய அக்கிலீஸ். 1948இல் அது இந்தியக் கடற்படைக்கு வந்து ‘ஐ.என்.எஸ். டெல்லி’ ஆனது. 1961 கோவா விடுதலை நடவடிக்கையில் பங்கெடுத்தது. 1978 வரை நமக்கு உழைத்தது. அக்கிலீஸ் என்ற பெயர் நினைவூட்டுவதும் ஒரு போரைத்தான். அன்று எதிரே நின்ற ஜெர்மனியும் இன்று பிரிட்டனின் கூட்டாளிதான்.

3. மூன்று பெயர், ஒரே கப்பல்
முதல் உலகப் போரில் இன்னொரு அஜின்கோர்ட் இருந்தது. பிரேசில் ‘ரியோ டி ஜெனீரோ’ என்ற பெயரில் ஆர்டர் கொடுத்த கப்பல் அது. பிறகு உஸ்மானியப் பேரரசு அதை வாங்கி ‘சுல்தான் உஸ்மான்’ என்று பெயரிட்டது. கப்பல்களுக்காகத் துருக்கி மக்கள் நன்கொடை திரட்டிக் கொடுத்தார்கள். 1914 ஆகஸ்டில் கப்பலை ஒப்படைக்காமல் பிரிட்டன் தானே எடுத்துக்கொண்டது. துருக்கியில் மூண்ட கோபம் ஜெர்மனிக்குச் சாதகமானது. அந்தக் கப்பலில் ஏழு பீரங்கி மேடைகள், 14 பீரங்கிகள். மாலுமிகள் மேடைகளை ஞாயிறு, திங்கள் என்று கிழமைப் பெயர்களால் அழைத்தார்கள். பிரான்சை வென்ற போரின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பல், 1916 ஜட்லாண்ட் சண்டையில் இறங்கியபோது பிரான்ஸ் பிரிட்டனின் தோழமை நாடு.

4. சிவப்பு அணி, நீல அணி
1805 அக்டோபர் 21, டிரஃபால்கர். பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் 33; பிரிட்டிஷ் தளபதி நெல்சனிடம் 27. பிரிட்டன் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை; நெல்சனை இழந்தது. இந்தப் பெயரில் பிரிட்டன் ஒரு நீர்மூழ்கி வகையையே கட்டியது. 2005இல் 200ஆம் ஆண்டு விழாவுக்கு பிரான்சும் ஸ்பெயினும் தங்கள் விமானந்தாங்கிக் கப்பல்களை அனுப்பிவைத்தன. விழாவில் நடித்துக் காட்டிய சண்டையில் நாடுகளின் பெயரே வரவில்லை. சிவப்பு அணி, நீல அணி, அவ்வளவுதான்.

5. கோட்டை அருங்காட்சியகத்தில் ஒருவர்
யார்க்டவுன் என்பது அமெரிக்க விமானந்தாங்கிகளுக்குச் சூட்டிய புகழ்பெற்ற பெயர். 1781இல் அங்கேதான் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், அமெரிக்க - பிரெஞ்சுக் கூட்டுப்படையிடம் சரணடைந்தார். ஐந்தே ஆண்டுகளில் அவர் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். திப்பு சுல்தானோடு போரிட்டு, 1792இல் அவருடைய இரண்டு மகன்களைப் பிணையாகப் பெற்றார். சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால் அவருடைய பளிங்குச் சிலையைப் பார்க்கலாம். பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள்.

6. தோற்ற போருக்கும் மரியாதை
1775 ஜூன் 17, பாஸ்டன் அருகே பங்கர் ஹில். அன்று குன்றைப் பிடித்தது பிரிட்டிஷ் படை. ஆனால் அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் காவு கொடுத்தது, காயம்பட்டவர்களையும் சேர்த்து. நின்று போராட முடியும் என்ற நம்பிக்கை அமெரிக்கர்களுக்குப் பிறந்த நாள் அது. ஆகவே தோற்ற போரின் பெயரையும் அவர்கள் பெருமையோடு கப்பலில் எழுதினார்கள்.

7. ஜப்பானில் குடியிருந்த ‘மிட்வே’
1942 ஜூனில் மிட்வே தீவருகே ஜப்பான் ஒரே சண்டையில் அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூ என்ற நான்கு விமானந்தாங்கிகளைப் பறிகொடுத்தது. அந்தப் போரின் பெயரைக் கொண்ட அமெரிக்க விமானந்தாங்கி, 1973 முதல் 1991 வரை எங்கே குடியிருந்தது தெரியுமா? ஜப்பானின் யோகோசுகா துறைமுகத்தில். தோல்வியின் பெயர் தினமும் கண்ணில் பட்டது. அந்த நாட்டின் பாதுகாப்புக்கு அதே கப்பல் துணை நின்றது.

8. விண்வெளி வீரர்களைத் தூக்கிய ‘ஈவோ ஜீமா’
1945இல் ஈவோ ஜீமா தீவில் அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட 6,800 பேர் இறந்தார்கள். தீவைக் காத்த சுமார் 21,000 ஜப்பானியரில் உயிரோடு மிஞ்சியவர்கள் மிகச் சிலர். 1970 ஏப்ரலில், நடுவழியில் விபத்துக்குள்ளாகி உயிர் தப்பிவந்த அப்பல்லோ 13 வீரர்களைப் பசிபிக் கடலில் மீட்ட கப்பலின் பெயரும் ஈவோ ஜீமாதான். 1985இல் இரு தரப்பு முதிய வீரர்களும் அதே தீவில் சந்தித்து, இறந்தவர்களுக்காகச் சேர்ந்து தலைவணங்கினார்கள்.

9. ஒரே கூட்டணி, எதிரெதிர்ப் பெயர்கள்
கிரீஸும் துருக்கியும் 1952இல் ஒன்றாக நேட்டோவில் சேர்ந்தவை. கிரீஸின் ‘எல்லி’, ‘லிம்னோஸ்’ போர்க்கப்பல்களின் பெயர்கள் 1912, 1913இல் உஸ்மானியக் கடற்படையை அது வென்ற சண்டைகளைச் சொல்கின்றன. துருக்கியின் ‘சகார்யா’ நீர்மூழ்கி, 1921இல் கிரேக்கப் படையைத் தடுத்து நிறுத்திய போரைச் சொல்கிறது. அதன் உடன்பிறப்பான ‘பிரெவெசா’ இன்னும் பின்னே போகிறது: 1538இல் ஸ்பெயின், வெனிஸ், போப்பாண்டவர் கூட்டுக் கடற்படையை உஸ்மானியத் தளபதி பார்பரோசா சிதறடித்த நாள்.

10. டும்லுபினாரின் 81 பேர்
டும்லுபினார், துருக்கியர் 1922இல் கிரேக்கப் படையை வென்ற களம். அந்தப் பெயருடைய நீர்மூழ்கி, நேட்டோ பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் 1953 ஏப்ரல் 4 அன்று டார்டனெல்ஸ் நீரிணையில் ஸ்வீடனின் சரக்குக் கப்பலோடு மோதி மூழ்கியது. பின்பகுதி அறையில் 22 பேர் உயிரோடு சிக்கியிருந்தார்கள். மிதவைத் தொலைபேசி வழியாக மேலே இருந்தவர்களோடு பேசினார்கள். காப்பாற்ற முடியவில்லை. இறந்தவர்கள் 81 பேர். துருக்கியில் இன்று அந்தப் பெயரைக் கேட்டால் வெற்றியோடு இந்தத் துயரமும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

11. காடிஸ், கைபர் ஆனது
1940களில் பிரிட்டன் ஒரு நாசகாரிக் கப்பல் வகைக்கே ‘பேட்டில்’, அதாவது ‘போர்’ என்று பெயர் வைத்தது. டச்சுக்காரர்களை வென்ற கேம்பர்டவுன், ஸ்பெயினைத் தாக்கிய காடிஸ் என்று பழைய களங்கள் எல்லாம் கடலுக்கு வந்தன. ‘காடிஸ்’ பிறகு பாகிஸ்தானுக்குப் போய், இஸ்லாமிய வரலாற்றின் போர்க்களமான ‘கைபர்’ என்ற பெயரைப் பெற்றது. 1971 டிசம்பர் 4 இரவு, கராச்சிக்கு அருகே நம் ‘ஐ.என்.எஸ். நிர்காட்’ ஏவிய ஏவுகணைகளால் மூழ்கியது.

12. நம் கரையோரம் ஐந்து சண்டைகள்
1782, 83இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள். அவற்றில் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் மூன்றும் நம் கரையை ஒட்டியவை. மற்ற இரண்டும் இலங்கையின் கிழக்குக் கரையில். ஒன்று திருகோணமலைக்கு அருகே. பிரான்சின் புதிய அணுசக்தி நீர்மூழ்கி வகைக்கு இன்று சுஃப்ரனின் பெயர். பிரிட்டன் பக்கமோ, 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டிய ‘திருகோணமலை’ என்ற கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது.

13. ஆறாத புண்
2022 டிசம்பரில் அமெரிக்கா ஒரு புதிய கப்பலுக்கு ‘ஃபலூஜா’ என்று பெயர் அறிவித்தது. 2004இல் இரண்டு முறை பெரும் சண்டை நடந்த ஈராக் நகரம் அது. பிறகு ஈராக் அரசு அமெரிக்காவோடு சேர்ந்து பயங்கரவாதத்தை எதிர்த்தது. ஆனால் அந்தத் தெருக்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். அஜின்கோர்ட்டுக்காக அழ இன்று யாரும் இல்லை; ஃபலூஜாவுக்கு இருக்கிறார்கள். போர்க்களத்தின் பெயரைச் சூட்டுவதில் தவறில்லை. புண் ஆறும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

14. திருகோணமலையில் ஒரு காட்சி
1777இல் பிரிட்டிஷ் தளபதி பர்கோயின் அமெரிக்கர்களிடம் சரணடைந்த இடம் சாரடோகா. 1944 மார்ச் இறுதியில் அந்தப் பெயர் கொண்ட அமெரிக்க விமானந்தாங்கி, பிரிட்டிஷ் கீழைக் கடற்படையோடு சேர்ந்து திருகோணமலைக்கு வந்தது. அதே அணியில் நெதர்லாந்தின் ‘டிராம்ப்’ இருந்தது; 1653இல் ஆங்கிலேயரோடு போரிட்டு மாண்ட தளபதியின் பெயர். பிரான்சின் ‘ரிஷ்லியூ’ இருந்தது. லா ரோஷெல் முற்றுகையில் ஆங்கிலேயரை விரட்டிய கார்டினலின் பெயர். தன் முன்னோரின் எதிரிகளை நினைவூட்டும் பெயர்களை எல்லாம் தன் அணியில் வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் தளபதி சோமர்வில் ஏப்ரல் 19 அன்று சுமத்ராவுக்கு அருகே ஜப்பான் வசமிருந்த சபாங் துறைமுகத்தைத் தாக்கினார். பெயரை மாற்றிக்கொண்டு வா என்று ஒருவரும் ஒருவரிடம் கேட்கவில்லை.

மே 17 அன்று சுரபாயா மீது தாக்குதல். மறுநாள் சாரடோகா விடைபெற்றது. வரிசையாக நின்ற தோழமைக் கப்பல்களின் நடுவே அது மெல்லக் கடந்து போனபோது, இரு பக்கத்து மாலுமிகளும் ஒருவரையொருவர் வாழ்த்தி ஆரவாரம் செய்தார்கள். சாரடோகா என்ற பெயருக்காக பிரிட்டிஷ் மாலுமிகள் எழுப்பிய வாழ்த்தொலி அது.