மலையேறிய நிழற்படக்கருவி

1851இல் அறிமுகமான ஈரத்தகட்டு முறையில், கண்ணாடியிற் பூசிய இரசாயனம் உலருமுன்னரே படத்தை எடுத்துக் கழுவுதல் வேண்டும். ஆதலின் இருட்கூடாரமும் மருந்துப் புட்டிகளும் மலைக்குச் சுமந்து செல்லப்பட்டன. 1861இல் மொன் பிளாங் சிகரத்திற் படமெடுத்த பிசோன் இருபத்தைந்து சுமையாளரை உடன்கொண்டார். 1866இல் இமயத்து மணிராங் கணவாயிற் படமெடுத்த சாமுவேல் போணுக்கும் சுமையாளரே துணை. வரலாற்றில் நிலைத்தவை எடுத்தோர் பெயர்களே, சுமந்தோர் பெயர்களல்ல.

இலங்கை மலைத்தோட்டப் படங்களின் நிலையும் இதுவே. ஸ்கீன் முதலிய கொழும்பு நிறுவனத்தாரின் பெயர்கள் அறியப்படுகின்றன. படத்தில் நிற்போரோ பெரும்பாலும் 'தமிழ்க் கூலி', 'கொழுந்து பறிப்பவள்' என்றே குறிக்கப்பட்டனர்.

பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். 2036 மீற்றர் உயர்ந்த நமுனுகுல மலையைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிற் பழம்படம் கிடைப்பின், முதியோரை வினவி, பெயர்களைப் பின்புறத்தே எழுதிவைத்தல் நம் ஆய்வாளர் கடனாகும்.